மாடிப்படிக்கு அடியில் ஒரு வீடு

(புனித தொன் போஸ்கோ திருவிழாவை ஒட்டிய ஞாயிறன்று வானொலியில் வழங்கப்பட்ட மறையுரையின் எழுத்து வடிவம்)

 வீட்டில் இருந்தபடி கேட்பவர்களையும், வயலுக்குப் போகும் வழியில் கேட்பவர்களையும், கோவிலுக்கு வர முடியாமல் நோய்ப் படுக்கையில் கேட்பவர்களையும் ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக.

சில மாதங்களுக்கு முன்பு கள்ளக்குறிச்சியில் ஒரு புதிய வீட்டை மந்திரிக்கப் போயிருந்தேன். வழக்கம்போல் வாசலில் தொடங்கி, கூடம், சமையலறை, படுக்கையறை, மாடி என்று எல்லா இடத்திலும் தீர்த்தம் தெளித்து செபித்தாயிற்று. புறப்படும் நேரத்தில் அந்த வீட்டுப் பையன், நான்காம் வகுப்பு படிக்கிறவன், என் அங்கியைப் பிடித்து இழுத்தான். "ஃபாதர், என் வீட்டை நீங்க மந்திரிக்கலையே" என்றான். "இவ்வளவு நேரம் உன் வீட்டைத்தானே மந்திரிச்சேன்?" என்றேன். "அது அப்பா வீடு. என் வீடு இங்க இருக்கு" என்று கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனான்.

மாடிப்படிக்கு அடியில் மூன்று அடி உயரத்தில் ஓர் இடம். பழைய சேலை ஒன்று திரையாகத் தொங்கியது. உள்ளே ஓர் அட்டைப்பெட்டி, ஒரு பாய், தேங்காய்ச் சிரட்டைகள், கொஞ்சம் மரக்கட்டைகள். அந்தக் கட்டைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2021ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்தை நீங்கள் அறிவீர்கள். சிற்பப் பட்டறையில் வெட்டிக் கழித்துப் போடும் துண்டுகளைப் பையனின் தாத்தா பொறுக்கி வந்து, முனை குத்தாமல் தேய்த்துக் கொடுத்திருக்கிறார். கடையில் ஆயிரம் ரூபாய் கொடுத்தாலும் அவ்வளவு நல்ல விளையாட்டுக் கட்டைகள் கிடைக்காது.

பையனின் அப்பா கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார்: "சாமி, இந்த இடத்தை ஒழிச்சு இன்வெர்ட்டர் வைக்கலாம்னு இருக்கேன். இவன் விட மாட்டேங்கறான்." உடனே அம்மா குறுக்கிட்டார். "வேணாங்க. அந்த இடம் இல்லேன்னா நமக்குத் தெரிஞ்சே இருக்காதுங்க" என்றார். எது தெரிந்திருக்காது என்று நான் கேட்டேன்.

அவர் சொன்ன கதை இதுதான். அந்தக் கல்வியாண்டின் தொடக்கத்தில் பையன் பள்ளியிலிருந்து வந்ததும் யாரிடமும் பேச மாட்டான். என்ன நடந்தது என்று கேட்டால், "ஒண்ணும் இல்ல" என்பான். நேராக மாடிப்படிக்கு அடியில் போய்விடுவான். அங்கே கட்டைகளை வரிசையாக உட்கார வைத்து டீச்சர் விளையாட்டு விளையாடுவான். அம்மா சமையலறையில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். தினமும் கடைசி வரிசையில் இருக்கும் ஒரு கட்டை மட்டும் திட்டு வாங்கும். "போர்டுல எழுதினதைப் பார்த்து எழுதத் தெரியாதா? எழுந்து நில்லு." நான்கைந்து நாள் இதைக் கேட்ட பிறகு, அந்தக் கடைசி வரிசைக் கட்டை தன் பிள்ளைதான் என்று அந்தத் தாய்க்கு உறைத்தது. மருத்துவரிடம் அழைத்துப் போனார். பிள்ளைக்குக் கரும்பலகை எழுத்தே தெரியவில்லை. கிட்டப்பார்வை. கண்ணாடி போட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது. அதுவரை அவனை எல்லாரும் மந்தமான பிள்ளை என்று நினைத்திருந்தார்கள். தான் அப்படித்தான் என்று அவனும் நம்பத் தொடங்கியிருந்தான்.

நான் திரும்பவும் தீர்த்தச் செம்பை வாங்கி, குனிந்து உள்ளே போய், அந்தச் சின்ன வீட்டை மந்திரித்தேன். என் குருத்துவ வாழ்வில் நான் மந்திரித்த மிகச் சிறிய வீடு அதுதான்.

அன்புக்குரியவர்களே, பெரியவர்கள் நம் கவலையை வாயால் சொல்லி ஆற்றிக்கொள்கிறோம். குழந்தைகளுக்கு அதற்கான சொற்கள் இன்னும் கைவரவில்லை. அவர்கள் விளையாடித்தான் சொல்கிறார்கள். பள்ளியில் நடந்ததை வீட்டில் திரும்ப நடித்துப் பார்க்கிறார்கள். தங்களைப் பயமுறுத்தியவராகத் தாங்களே மாறி, அந்தப் பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்குள் கொண்டுவருகிறார்கள். இது நடப்பதற்கு வீட்டில் ஓர் இடமும், நாளில் ஒரு நேரமும் வேண்டும்.

நம் ஆண்டவர் இதைக் கவனித்திருக்கிறார். மத்தேயு நற்செய்தி பதினொன்றாம் அதிகாரத்தில், தம் காலத்து மக்களைச் சந்தையில் உட்கார்ந்து விளையாடும் பிள்ளைகளுக்கு ஒப்பிடுகிறார். அந்தப் பிள்ளைகள் என்ன விளையாடுகிறார்கள் தெரியுமா? ஒருமுறை குழல் ஊதி ஆடச் சொல்கிறார்கள். அது கல்யாண விளையாட்டு. இன்னொருமுறை ஒப்பாரி வைத்து அழச் சொல்கிறார்கள். அது சாவு வீட்டு விளையாட்டு. ஊரில் பெரியவர்கள் செய்வதைப் பார்த்துப் பிள்ளைகள் இரண்டையும் விளையாடியிருக்கிறார்கள். இயேசு நின்று பார்க்காமல் இப்படி ஓர் உவமை சொல்லியிருக்க முடியாது. நாசரேத்துத் தெருவில் அவரும் இப்படி விளையாடி வளர்ந்த பிள்ளைதானே!

பழைய ஏற்பாட்டில் இறைவாக்கினர் செக்கரியா, இடிந்து கிடந்த எருசலேம் மீண்டும் எழும்பும் நாளைப் பற்றிப் பேசுகிறார். எட்டாம் அதிகாரத்தில், அந்த நாளின் அடையாளமாக இரண்டு காட்சிகளைக் காட்டுகிறார். கோல் ஊன்றிய முதியவர்களும் மூதாட்டிகளும் தெருவில் அமர்ந்திருப்பார்கள். சிறுவரும் சிறுமியரும் அந்தத் தெருக்களை நிறைத்து விளையாடுவார்கள். ஒரு நகரம் நலம் பெற்றுவிட்டதா என்பதை அதன் பிள்ளைகள் பயமின்றி விளையாடுகிறார்களா என்பதை வைத்தே இறைவாக்கினர் சொல்கிறார்.

இந்த வார்த்தையைக் கள்ளக்குறிச்சியில் நின்று வாசிக்கும்போது மனம் கனக்கிறது. 2024 ஜூன் மாதம் கருணாபுரத்திலும் சுற்றிலும் நஞ்சு கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போனதை நாம் மறந்துவிட முடியாது. கல்வியாண்டு தொடங்கிய மாதம் அது. புதுப் புத்தகம் வாங்கிய கையோடு அப்பாவையோ அம்மாவையோ அடக்கம் செய்யப் போன பிள்ளைகள் உண்டு. அத்தகைய துயரம் கண்ட குழந்தைகள் சில வேளைகளில் அந்தச் சாவையே விளையாடிப் பார்ப்பார்கள். பொம்மையைப் படுக்க வைத்து மாலை போடுவார்கள். "என்ன விளையாட்டு இது, அபசகுனம்!" என்று பெரியவர்கள் அடக்குகிறோம். அடக்க வேண்டாம். அருகில் உட்காருங்கள். சந்தையில் ஒப்பாரி விளையாடிய பிள்ளைகளை இயேசுவும் பார்த்தார். அவர்களை அவர் கடிந்துகொள்ளவில்லை.

சாவு வராத வீடுகளிலும் குடி நுழைந்தால் முதலில் பறிபோவது பிள்ளைகளின் இடம்தான். அப்பா வரும் சத்தம் கேட்டதும் கட்டைகளை அப்படியே போட்டுவிட்டு மூலையில் ஒடுங்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை மறுநாள் காலையில் வகுப்பில் உட்கார்ந்திருக்கும். ஆனால் பாடம் அதன் காதில் விழாது. இந்த வானொலியைக் கேட்கும் தந்தையரே, உங்களைக் குற்றம் சாட்ட நான் இதைச் சொல்லவில்லை. நீங்கள் வீட்டுக்குள் நுழையும்போது உங்கள் பிள்ளை விளையாட்டை நிறுத்துகிறதா, அல்லது உங்களையும் விளையாடக் கூப்பிடுகிறதா? இன்று மாலை இதைக் கவனித்துப் பாருங்கள். உங்கள் ஆன்மச் சோதனைக்கு அது ஒன்றே போதும்.

இப்போது மலைக்குப் போவோம். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து வெள்ளிமலை ஏறினால் கல்வராயன் மலைச் சிற்றூர்கள். அங்கே வாழும் மலையாளிப் பழங்குடி மக்களில் பலர் பிழைப்புக்காக மாதக்கணக்கில் வெளியூருக்கு வேலைக்குப் போகிறார்கள். பிள்ளைகள் பாட்டியிடம் வளர்கிறார்கள், அல்லது அரசு உண்டு உறைவிடப் பள்ளியில் தங்கிப் படிக்கிறார்கள். "ஒரே அறை வீட்டில் விளையாட்டு இடத்துக்கு எங்கே போவது சாமி?" என்று என்னிடம் கேட்டால், அந்தப் பாட்டிகளைத்தான் காட்டுவேன். சாணம் மெழுகிய வாசல், ஒரு திண்ணை, புளியங்கொட்டை, ஐந்து கூழாங்கல், கரித்துண்டால் கீறிய ஆடு புலி ஆட்டக் கட்டம், இவ்வளவுதான் அவர்களிடம் இருக்கிறது. ஆனால் பிள்ளை விடுமுறைக்கு வந்தால், "இது உன் இடம், விளையாடு" என்று விட்டுக்கொடுக்கிறார்கள். பெரிய வீடு கட்டிய நம்மில் பலருக்கு அந்த மனம் வருவதில்லை. கூடத்தில் சோபா கசங்கக் கூடாது, வாசலில் டைல்ஸ் அழுக்காகக் கூடாது. பிள்ளைக்கு மிஞ்சுவது கையில் கொடுத்த செல்பேசி மட்டுமே.

விளையாட்டு படிப்பைக் கெடுக்கும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நம் முன்னோர் அப்படி நினைக்கவில்லை. பல்லாங்குழியில் ஒவ்வொரு குழியாகக் காய் போட்டுக்கொண்டே போகும் பிள்ளை, எங்கே போய் முடியும் என்று மனத்துக்குள் எண்ணிப் பார்க்கிறது. தாயம் உருட்டும்போது கூட்டுகிறது. ஆடு புலி ஆட்டத்தில் எதிராளியின் அடுத்த நகர்வை யோசிக்கிறது. பாண்டி ஆடும்போது உடல் நிலை தவறாமல் நிற்கப் பழகுகிறது. தோற்றால் அழாமல் அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருக்கவும், தன் முறை வரும்வரை பொறுத்திருக்கவும் பழகுகிறது. வகுப்பறையில் ஆசிரியர் எதிர்பார்ப்பதும் இந்தப் பொறுமையையும் கவனத்தையும்தானே? 2021ஆம் ஆண்டு அக்டோபரில் நமக்கு அடுத்த விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கப்பட்ட 'இல்லம் தேடிக் கல்வி' திட்டமும் இதே வழியில்தான் நடந்தது. பெருந்தொற்றால் பள்ளியை மறந்துபோன பிள்ளைகளை, மாலையில் அவரவர் ஊரிலேயே கூட்டி, கதையும் பாட்டும் விளையாட்டுமாகத்தான் தன்னார்வலர்கள் மீண்டும் படிப்புக்குக் கொண்டுவந்தார்கள்.

நான் ஒரு தவற்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன்பு நான் பணியாற்றிய ஒரு பங்கில், இதே சனவரி மாதத்தில், திருப்புதல் தேர்வு தொடங்கிய நேரத்தில், பெற்றோர் சிலர் வந்து முறையிட்டார்கள். "சாமி, கோவில் மைதானத்தைப் பூட்டுங்க. புள்ளைங்க படிக்க மாட்டேங்குதுங்க." நானும் பூட்டினேன். பந்தையும் எடுத்து வைத்துக்கொண்டேன். ஒரு பையன் கம்பிக் கதவுக்கு வெளியே நின்று, "ஃபாதர், அப்ப நாங்க எங்க போறது?" என்று கேட்டான். "வீட்டுக்குப் போய்ப் படிடா" என்றேன். இரண்டு வாரம் கழித்து ஒரு மாலையில் அந்தப் பிள்ளைகளை மதுக்கடைக்குப் பக்கத்துச் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருக்கக் கண்டேன். ஒரு செல்பேசியைச் சுற்றி ஆறு தலைகள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் பூட்டைத் திறந்தேன். ஆனால் இரண்டு பேர் திரும்பி வரவே இல்லை.

இந்த வாரம் நாம் கொண்டாடும் புனித தொன் போஸ்கோ அந்தத் தவற்றைச் செய்யவில்லை. 1846ஆம் ஆண்டு தூரின் நகரில் அவர் ஏழைச் சிறுவர்களைக் கூட்டிக்கொண்டு இடம் இடமாக அலைந்தார். வாடகைக்கு எடுத்த ஒரு புல்வெளியும் பறிபோயிற்று. பையன்கள் ஓடி ஓடிப் புல்லின் வேரே அழிகிறது என்று நிலத்துக்காரர்கள் காலி செய்யச் சொன்னார்கள். அந்தக் கடைசி ஞாயிறன்று, போக இடமின்றி அவர் கண்ணீர் விட்டார். அப்போதுதான் பினார்தி என்பவருக்குச் சொந்தமான ஒரு தாழ்ந்த கொட்டகை கிடைத்தது. கூரை தலையில் இடித்தது. தரையைத் தோண்டி ஆழப்படுத்த வேண்டியிருந்தது. அந்தக் கொட்டகையைச் செபிக்க எடுத்துக்கொண்டார். அதைச் சுற்றியிருந்த நிலத்தையும் பையன்கள் விளையாடச் சேர்த்தே வாடகைக்கு வாங்கினார். அந்த ஆண்டு ஏப்ரல் 12, உயிர்ப்புப் பெருவிழா அன்று அங்கே குடிபுகுந்தார்கள். செபிக்கும் இடமும் விளையாடும் இடமும் அவருக்கு ஒரே வீட்டின் இரண்டு பகுதிகள். அவருடைய சபைத் துறவியர் 1906ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்தபோது முதலில் பணியைத் தொடங்கியதும் நம் தஞ்சாவூரில்தான்.

தொன் போஸ்கோவின் தாய் மார்கரீத்தா அம்மாவைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். கிராமத்து வீட்டை விட்டுவிட்டு மகனின் பிள்ளைகளுக்குச் சமைக்கவும் துவைக்கவும் வந்தவர் அவர். வீட்டுச் செலவுக்கு உதவட்டும் என்று பக்கத்தில் ஒரு காய்கறித் தோட்டம் போட்டிருந்தார். ஒரு நாள் பையன்கள் போர் விளையாட்டு விளையாடினார்கள். துரத்தியவர்களும் ஓடியவர்களும் அந்தத் தோட்டத்துக்குள் புகுந்து எல்லாவற்றையும் மிதித்துத் தள்ளிவிட்டார்கள். இப்படி ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, ஒரு நாள் அந்தத் தாய் மனம் உடைந்து, தான் ஊருக்கே திரும்பிப் போவதாகச் சொன்னார். மகன் மறுமொழி பேசவில்லை. சுவரில் இருந்த பாடுபட்ட சுரூபத்தைக் காட்டினார். தாயும் அதைப் பார்த்தார், கண் கலங்கினார், தங்கிவிட்டார். 1856இல் இறக்கும்வரை அந்தப் பிள்ளைகளோடே இருந்தார்.

தாய்மாரே, உங்கள் வீட்டிலும் அன்றாடம் ஏதோ ஒரு தோட்டம் மிதிபடுகிறது. துடைத்த தரையில் மண். மடித்து வைத்த பாயில் கூடாரம். வேலை முடிந்து வந்த உடம்புக்கு அது எவ்வளவு சலிப்பு என்று எனக்குத் தெரியும். மார்கரீத்தா அம்மாவுக்கும் சலிப்பு வந்தது. அவரையும் திரு அவை வணக்கத்துக்குரியவராகப் போற்றுகிறது. சலிப்பு பாவமல்ல. சலித்த பிறகும் இடம் கொடுப்பதுதான் அன்பு.

சரி, வீட்டுக்கு வீடு என்ன செய்யலாம்? எளிய சில காரியங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, ஓர் இடத்தைக் குறித்துக் கொடுங்கள். திண்ணையோ, மாடிப்படிக்கு அடியோ, ஒரு பாய் விரிக்கும் அளவு மூலையோ போதும். மின்கம்பி, திறந்த தண்ணீர்த் தொட்டி, கிணறு, அடுப்பு, பூச்சிமருந்து டப்பா எதுவும் எட்டாத இடமாக இருக்கட்டும். அங்கே தொலைக்காட்சியும் செல்பேசியும் வேண்டாம்.

இரண்டாவது, நேரம். பள்ளி விட்டு வந்ததும் ஏதாவது தின்னக் கொடுத்து, ஒரு மணி நேரமாவது விளையாட விடுங்கள். அதன் பிறகு வீட்டுப்பாடம். நேராக டியூஷனுக்குத் துரத்தாதீர்கள். நாளெல்லாம் நுகம் சுமந்த மாட்டையும் அவிழ்த்துவிட்டுத் தண்ணீர் காட்டுகிறோமே!

மூன்றாவது, பெண் பிள்ளைகள். அண்ணன் கிட்டிப்புள் ஆடும் நேரத்தில் தங்கை பாத்திரம் துலக்குகிறாள் என்றால் அந்த வீட்டில் நீதி இல்லை. வேலையையும் விளையாட்டையும் இருவருக்கும் பங்கிடுங்கள். செக்கரியா சிறுவரை மட்டுமல்ல, சிறுமியரையும் சேர்த்தே தெருவில் கண்டார்.

நான்காவது, தேர்வு வந்தால் விளையாட்டைக் குறைக்கலாம், ஒழிக்காதீர்கள். மதிப்பெண் குறைந்ததற்குத் தண்டனையாக அந்த இடத்தைப் பிடுங்காதீர்கள். பிள்ளை மனம் தேறுவதற்கு அதைத்தான் நம்பியிருக்கிறது.

ஐந்தாவது, ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் நீங்களும் அங்கே போய் உட்காருங்கள். போதிக்க வேண்டாம், திருத்த வேண்டாம். பிள்ளை கொடுக்கும் பாத்திரத்தை வாங்கி நடியுங்கள். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், பெற்றோரைச் சந்திக்கும்போதெல்லாம், பிள்ளைகளோடு விளையாடுகிறீர்களா என்று கேட்பதை வழக்கமாக வைத்திருந்தார்.

கடைசியாக, அந்த இடத்தின் திரையை அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் திறந்துவிடுங்கள். அந்தப் பிள்ளை எந்தத் தெரு, எந்தச் சாதி என்று கேட்காதீர்கள். பிள்ளைகள் கேட்பதில்லை, நாம் கற்றுக்கொடுத்த பிறகுதான் கேட்கிறார்கள். ஊரும் காலனியும் பெரியவர்கள் கட்டியவை. ஒரே பாயில் உட்கார்ந்து பல்லாங்குழி ஆடிய இருவர் பிற்காலத்தில் எதிரெதிரே நின்று கல்லெறிவது கடினம்.

பங்குகளுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டில் இடமே இல்லாத பிள்ளைகளுக்குக் கோவில் வளாகம்தான் வாசல். மாலையில் ஒன்றரை மணி நேரம் கதவைத் திறந்து வையுங்கள். இளைஞர் குழுவிலோ மரியாயின் சேனையிலோ ஒருவர் மாறி ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். பூட்டிய கதவு என்ன செய்யும் என்பதை என் அனுபவத்தில் சொல்லிவிட்டேன்.

அந்த மாடிப்படி வீட்டுக்கு அண்மையில் மீண்டும் போனேன். இன்வெர்ட்டர் இன்னும் கூடத்து மூலையிலேயே இருக்கிறது. பையன் கண்ணாடியோடு வந்து வரவேற்றான். கட்டைகள் அன்றைக்குக் கடையாக மாறியிருந்தன. கடைசி வரிசை என்று ஒன்று இல்லை. எனக்கு ஒரு சிரட்டையில் டீ கொடுத்தான். "எவ்வளவுப்பா?" என்றேன். "சாமிக்குக் காசு வேணாம்" என்றான்.

செபிப்போம். நாசரேத்து வீட்டில் விளையாடி வளர்ந்த இயேசுவே, எங்கள் இல்லங்களில் பிள்ளைகளுக்கு இடம் கொடுக்கும் மனத்தை எங்களுக்குத் தாரும். பெற்றோரை இழந்த பிள்ளைகளையும், விடுதிகளில் தங்கிப் படிக்கும் மலைப் பிள்ளைகளையும், குடியால் அமைதி இழந்த வீடுகளின் பிள்ளைகளையும் உம் கையில் ஒப்படைக்கிறோம். எங்கள் தெருக்கள் பயமில்லாத பிள்ளைகளால் நிறையும் நாளை விரைவில் காணச் செய்யும். ஆமென்.